ஒரு வாட்டர்கலர் பெட்டியும் கச்சான் காற்றும்: ஒரு வருடத்துக்குப் பிறகு

12 கட்டிகள் கொண்ட மாணவர் தர வாட்டர்கலர் பெட்டியை வாங்கி இந்த ஆவணியோடு ஒரு வருடம். அதுவரை அக்ரிலிக்தான். மட்டக்களப்பில், 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தடியில் குந்தி வாவியைக் கீற, சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டி ஒன்று வேண்டியிருந்தது.

அல்ட்ராமரைன் நீலமும் பேர்ன்ட் சியன்னா மண்ணிறமும் பாதிக்கு மேல் குழி விழுந்துவிட்டன. பச்சைகள் இரண்டும் புதிதாகவே கிடக்கின்றன. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலுக்குக் கடைப்பச்சை ஒத்துவராது. மஞ்சளில் நீலம் கலந்தால் இளம்பயிர், அதில் துளி சியன்னா விட்டால் கதிர் முற்றும்.

தொடக்கத்தில் வாவியைப் பளீர் நீலத்தில் தீட்டிக்கொண்டிருந்தேன். தோணியைக் கரையில் இழுத்துப்போட்ட ஒரு ஐயா எட்டிப் பார்த்து, "எங்க மனே ஆறு இந்த நீலத்தில கிடக்கு?" என்றார். அன்றிலிருந்து அல்ட்ராமரைனோடு சியன்னா கலந்த சாம்பல்தான். அந்த நீலத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் மணல்போலத் தங்கும்; மாரி வெள்ளத்துக் கலங்கலுக்கென்றே செய்தது போல.

காசைத் தின்றது தாள். முதல் மூன்று மாதம் மலிவான மரக்கூழ்த் தாள். தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளிந்தது, இரண்டாம் பூச்சில் முதல் பூச்சு கரைந்து வந்தது. கை சரியில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். பிறகு 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடிப்புள்ள முழுப்பருத்தித் தாளுக்கு மாறினேன். அதே கை, வேறு படம். விலை கடிக்கிறது, ஆகவே நாலாக வெட்டி இரண்டு பக்கமும் தீட்டுகிறேன். தொடங்குபவர்கள் நிறத்தில் மிச்சம் பிடிக்கலாம், தாளில் வேண்டாம்.

ஆனால் அந்த நல்ல தாளையும் மார்கழி விடவில்லை. ஈர அலுமாரியில் வைத்த நாலு தாளில், தண்ணீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் மேற்பசை கெட்டு, நிறத்தை ஒற்றுத்தாள்போலப் புள்ளிபுள்ளியாக உறிஞ்சின. கட்டிகளில் பூஞ்சணம் வேறு; அதிலிருப்பது பிசின்தானே, அதற்கு விருந்து. இப்போது பெட்டியை நன்றாகக் காயவிட்டே மூடுகிறேன்.

கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் இதற்கு நேரெதிர். ஆடியில் வானத்துக்கு நிறம் விட்டால், தூரிகை மறு ஓரம் போகுமுன் தொடங்கிய இடம் காய்ந்து கோடு விழும். தாளின் பின்புறத்தையும் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகையில் ஒட்டிவைத்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதுவும் காலை எட்டு மணிக்குள்.

உண்மையில் கோபம் வந்தது கிரிம்சன் சிவப்பில். எந்த நிறப்பொருள் என்று சொல்லும் நிறமி எண் பெட்டியில் இல்லை. ஒரு பூச்சைப் பாதி மறைத்து ஜன்னலில் நாலு மாதம் ஒட்டிவைத்தேன். வெயில் பட்ட பாதி வெளிறிவிட்டது. அலிசரின் வகையாக இருக்கவேண்டும், அதற்கு வெளிச்சம் ஆகாது. அந்தக் கட்டியை எறிந்துவிட்டுக் வெளிச்சத்துக்குத் தாக்குப்பிடிக்கும் குயினாக்ரிடோன் ரோஸ் டியூப் ஒன்றைப் பிதுக்கி நிரப்பினேன்.

அதற்குள் காரியம் நடந்துவிட்டது. சின்னம்மா வீட்டு விறாந்தையில் தொங்கும் முகத்துவாரத்து வெளிச்சவீட்டு விடியல், சிவப்பெல்லாம் போய் இப்போது மத்தியானமாகிவிட்டது. திரும்பக் கீறித் தாறன் என்றால், "இதுவும் வடிவாத்தான் இருக்கு, விடு மனே" என்கிறா.