ஷெட்டுக்கு ஒரு மூச்சுச் சோதனைக் கருவி: வாங்கலாமா?

சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் காலையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் ஓட்டுநரை ஊதச் சொல்வதற்குப் பயன்படும் கையடக்க மூச்சுச் சோதனைக் கருவிகளில் இரண்டு வகைகளை, திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில் இருக்கும் எங்கள் ஷெட்டில் வைத்துப் பார்த்த அனுபவத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். துறைமுகத்திலிருந்து மணலிக்கும் மாதவரத்துக்கும் கன்டெய்னர் ஏற்றுவது எங்கள் தொழில். விருந்துக்குப் போய்த் திரும்பும் கார்க்காரருக்கு இந்தக் கருவி உதவுமா என்று நான் ஆராயவில்லை; அவர் ஊதிப் பார்ப்பதைவிட ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவதே மேல். குடித்துவிட்டு ஓட்டுவோருக்கான சட்டத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் எழுகிறது. அந்தக் கடுமை யார் மீது விழ வேண்டும் என்பதில் எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. கருவியைப் பற்றிப் பேசும்போது அதுவும் சேர்ந்தே வரும்.

இணையத்தில் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் குறைகடத்தி வகையைச் சேர்ந்தவை. உள்ளே சூடேற்றப்பட்டிருக்கும் உணரியின் மீது ஆல்கஹால் ஆவி பட்டதும் அதன் மின்தடை மாறுவதை வைத்து இவை அளவைக் கணக்கிடுகின்றன. ஆனால் அந்த உணரிக்கு ஆல்கஹாலையும் பிற ஆவிகளையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. சிகரெட் புகைக்கும், பெயின்ட் தின்னருக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கும் அது ஏதாவது ஓர் எண்ணைக் காட்டிவிடும். டீசல் பேரலும் தின்னர் டப்பாவும் கிடக்கும் ஷெட்டில், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத எங்கள் வெல்டர் ஊதியபோது 0.02 என்று காட்டி அவரைத் திடுக்கிட வைத்தது. ஒருவரின் அன்றைய கூலியை முடிவு செய்கிற இடத்தில் இப்படிப்பட்ட கருவியை வைப்பது அநியாயம். இதை வாங்க வேண்டாம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, எரிமக்கலன், அதாவது ஃபியூயல் செல் வகை. விலை பல மடங்கு அதிகம் என்றாலும், பிளாட்டினம் பூசிய மின்முனையில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளப்பதால் அசிட்டோனுக்கெல்லாம் இது ஏமாறுவதில்லை. போக்குவரத்துக் காவலர்கள் கையில் இருப்பதும் பொதுவாக இந்த வகைதான். கடைக்காரர் விளக்காமல் விட்டுவிடுவது திரையில் தெரியும் அலகைத்தான். 0.030 என்று சதவீதத்தில் காட்டினால் அது 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது நம் சட்டத்தின் எல்லை. அதே கருவியை ஒரு லிட்டர் மூச்சுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அலகுக்கு மாற்றி வைத்திருந்தால் அதே நிலைக்கு ஏறக்குறைய 0.14 என்று வரும். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிப்பவர், எல்லையைத் தொடாத ஓட்டுநரைக்கூட வீட்டுக்கு அனுப்பிவிடுவார். குடித்த உடனேயோ ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவியால் கொப்பளித்த உடனேயோ ஊதினால் வாயில் தங்கிய ஆவியால் எண் எகிறும் என்பதால், கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். ஊதுகுழலை ஆளுக்கு ஒன்று மாற்ற வேண்டும். அது தனிச் செலவு.

இந்தக் கருவி தன் விலைக்கு வேலை செய்வது இரவில் அல்ல, விடியற்காலையில். எங்களிடம் நெடுநாளாக இருக்கும் மூத்த ஓட்டுநர் ஒருவர், நெற்றியில் விபூதியும் சலவைச் சட்டையுமாக, கொஞ்சமும் தள்ளாடாமல், வாயில் வாடையே இல்லாமல் ஐந்து மணிக்கு வந்து நின்றார். "ஊதுங்கண்ணே" என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்திரி பத்தரைக்கே முடிச்சிட்டேன் தம்பி. தூங்கி எந்திரிச்சி, குளிச்சி முழுகி வந்திருக்கேன். என்னப் போய் ஊதச் சொல்றியே" என்று சொல்லிக்கொண்டே ஊதினார். பீப் சத்தம் நின்றதும் திரை சிவப்பாகி 0.041 என்று காட்டியது. அவர் பொய் சொல்லவில்லை. பத்தரைக்கு முடித்ததும் உண்மை, தெளிவாக இருப்பதாக அவர் நம்பியதும் உண்மை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில், 42.8 சதவீதச் சரக்கு என்றால், சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. அது 70 கிலோ எடையுள்ள ஆணின் 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 125 மில்லிகிராம் வரை ஏறும். உடலோ மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வேகத்தில்தான் அதை இறக்கும். எல்லைக்குக் கீழே வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எடை குறைந்தவருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். குளியலும் மோரும் கட்டங்காப்பியும் முகத்தைத் தெளிய வைக்குமே தவிர இரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. ஆகவே இரவு பதினொன்றுக்கு முடித்துவிட்டு விடியற்காலை துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் டிரெய்லரை நிறுத்துகிறவர், தனக்கே தெரியாமல் குற்றவாளியாக இருக்கலாம். வாகனச் சோதனை பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. விடியற்காலை எண்ணூர் விரைவுச் சாலையில் யாரையாவது ஊதச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு வைத்திருக்கும் 30 மில்லிகிராம் எல்லையே கடுமையானதுதான். இங்கிலாந்தில் அது இன்றும் 80. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ, மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய் அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். திருத்தத்துக்கு முன் முதல் குற்றத்துக்கான அபராதம் 2,000 ரூபாய் வரைதான். இதை இன்னும் ஏற்றுவதால் என்ன மாறும் என்பது எனக்கு விளங்கவில்லை. பேட்டாவை நம்பி வாழும் ஓட்டுநருக்குப் பத்தாயிரம் ஏற்கெனவே குடும்பத்தைக் குலைக்கும் தொகை, சொகுசுக் கார் வைத்திருப்பவருக்கு ஒரு வார இறுதிச் செலவு. சட்டத்தில் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. குடித்த நிலையில் இருக்கும் ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்து, "கப்பல் வந்துடுச்சி, சீக்கிரம் கெளம்பு" என்று விரட்டும் எங்களைப் போன்ற முதலாளிகளை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிற 188ஆவது பிரிவு இருக்கத்தான் செய்கிறது. 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்துக் காவல்துறை அதைக் காட்டித்தான் வண்டியில் உடன் செல்பவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தது. பின்சீட்டில் இருப்பவரை எட்டுகிற அந்தக் கை ஷெட் முதலாளியை எட்டாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் ஏதும் இல்லை.

ஜப்பானில் சரக்கு, பயணிகள் போக்குவரத்து நிறுவனங்கள் பணிக்கு முன்னும் பின்னும் ஓட்டுநரைக் கருவியால் சோதிக்க வேண்டும் என்று 2011லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். 2021இல் சிபா மாகாணத்தின் யாச்சிமாத்தாவில் குடித்த லாரி ஓட்டுநர் பள்ளிப் பிள்ளைகள் மீது மோதி இருவர் இறந்தார்கள். அந்த லாரி வாடகைத் தொழிலில் ஓடியதல்ல, ஒரு நிறுவனத்தின் சொந்தப் பயன்பாட்டு வண்டி. ஆகவே சோதனை விதிக்குள் அது வரவில்லை. அதன் பிறகு, ஐந்து வண்டிகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் சாதாரண நிறுவனங்களுக்கும் 2023 டிசம்பர் முதல் கருவிச் சோதனை கட்டாயமாயிற்று. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ரயில்வேயில் லோகோ பைலட் பணியேற்கும்போது ஊதிக் காட்டிவிட்டுத்தான் எஞ்சின் ஏறுகிறார். தண்டவாளத்தில் ஓடும் கன்டெய்னருக்கு இருக்கும் விதி, அதே கன்டெய்னர் டிரெய்லரில் ஏறிப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போகும்போது எங்கே காணாமல் போகிறது? சட்டம் கடுமையாக வேண்டும் என்றால் இந்த இடத்தில் ஆகட்டும்.

கருவியின் குறைகளுக்குத் திரும்பினால், பெரிய தொல்லை அளவுத் திருத்தம்தான், அதாவது கருவி காட்டும் எண் சரியா என்று சோதித்துச் சரிசெய்வது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் எண்கள் மெல்ல நகர்ந்துவிடும். எங்களுக்கு விற்றவர்கள் வாங்கும்போது "சார், நாங்களே வந்து எடுத்துக்குவோம்" என்றார்கள். பிறகு கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிய பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கருவி திரும்பி வரும்வரை மூக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மாற்றுக் கருவி தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் பணம் கட்டாதீர்கள். இன்னொன்று, இதில் வரும் எண் உங்கள் ஷெட்டுக்குள் மட்டும்தான் செல்லும். காவலர் நிறுத்தினால் அவர் கருவியில் ஊதித்தான் ஆக வேண்டும், "காலையில சரியா இருந்துச்சி சார்" என்பது அங்கே எடுபடாது.

கருவியோடு ஓர் ஏற்பாடும் வேண்டும். எண் மீறியவரை அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பினால், மறுநாளிலிருந்து கிளீனரை ஊதவைக்கும் தந்திரம் தொடங்கிவிடும். எங்கள் ஷெட்டில் அப்படிப்பட்டவர் அன்றைக்கு கிரீஸ் வைப்பது, டயர் காற்றுப் பார்ப்பது போன்ற வேலைகளைப் பாதிப் பேட்டாவுக்குச் செய்கிறார், எண் தெளிந்தால் மதியத்துக்கு மேல் வண்டி எடுக்கிறார். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு, ஊதுவதற்கு முன்பே "இன்னிக்கு வேணாம் தம்பி" என்று தாமாகச் சொல்லுகிறவர்கள் வந்திருக்கிறார்கள். எரிமக்கலன் வகையை, அளவுத் திருத்தச் சான்றிதழோடும் உதிரி ஊதுகுழல்களோடும் கிடைத்தால், நாலைந்து வண்டி வைத்திருப்பவர்கள்கூடத் தயங்காமல் வாங்கலாம்.