அரக்கு அரக்காகத் தெரிகிறது: கியூஎல்இடி டிவி, எட்டு மாதத்துக்குப் பிறகு

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். பாதி வியாபாரம் வாட்ஸ்அப்பில், சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும். போன வருஷம் ஒரு அரக்குச் சேலை திரும்பி வந்தது. "படத்தில் ரத்தச் சிவப்பு, பெட்டியைத் திறந்தால் வேறு நிறம்" என்றார் வாங்கியவர். தப்பு என்னுடையதுதான். சேலைப் படங்களை நான் திருத்துவது பழைய டிவியில். அதில் சிவப்பு மங்கல், அதனால் நானாகச் சிவப்பை ஏற்றி ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

அதற்காகவே இந்த 43 அங்குல கியூஎல்இடி டிவி. கடைத் தம்பி, "ஆச்சி, இதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும்" என்றார். இல்லை. அது ஓஎல்இடி. இது பழைய எல்சிடி வகைதான், பின்னால் இருக்கும் விளக்குதான் வேறு. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர் இது. டிவி கடைக்கு அந்தக் காற்று இன்னும் வரவில்லை!

விஷயத்தை விளக்கியது அழகப்பா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் என் அண்ணன் மகன். பின்னால் எரிவது நீல எல்இடி. அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்குள் குவாண்டம் புள்ளிகள். சில நானோமீட்டர் அளவேயான குறைகடத்திப் படிகங்கள். நீல ஒளியை வாங்கிச் சின்னது பச்சையாகவும் பெரியது சிவப்பாகவும் உமிழும். பொருள் ஒன்றுதான், அளவு மட்டும் மாறும்.

"பாகு மாதிரி, அயித்தை" என்றான். சூடான கரைசலில் படிகம் வளர்ந்துகொண்டே இருக்குமாம். முன்னாடி இறக்கினால் பச்சை, இன்னும் கொஞ்சம் விட்டால் சிவப்பு. பதம் தப்பினால் நிறம் தப்பும். 1993இல் மவுங்கி பவெண்டி குழு அந்தப் பதத்தைப் பிடித்தது. அவருக்கும் லூயி புரூஸ், அலெக்ஸி எகிமோவ் இருவருக்கும் 2023இல் வேதியியல் நோபல். எகிமோவ் தொடங்கியது வண்ணக் கண்ணாடியில் என்றதும் எங்கள் வளவு ஜன்னலுக்கு மேலே இருக்கும் சிவப்புக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன்.

புள்ளிகளுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. பட்டால் ஒளி மங்கிவிடும். அதனால் பாலிமரில் கலந்து, இரண்டு பக்கமும் காற்றுப் புகாத படலம் வைத்து மூடுகிறார்கள். ஊறுகாய்க்கு மேலே நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்று ஆத்தா சொல்வதும் இதற்குத்தான். எட்டு மாதத்தில் ஒரு சித்திரை வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்தாயிற்று. ஓரங்களில் நீலம் கசியவில்லை.

நிறம் எப்படி? பெட்டியிலிருந்து எடுத்ததும் மோசம். 'டைனமிக்' என்ற அமைப்பில் கடுகு மஞ்சள் சேலை மஞ்சள் கிழங்கை அரைத்துப் பூசியதுபோல இருந்தது. 'சினிமா' அமைப்புக்கு மாற்றியபின் சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். திரையில் தெரிந்த அரக்கும் செங்கல் சிவப்பும் கையில் இருந்த சேலையோடு கிட்டத்தட்ட ஒன்றிப்போயின. சாதாரண வெள்ளை எல்இடியில் நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் (ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும் பூச்சு) பூசியிருப்பதால் சிவப்புப் பங்கு குறைவு. பழைய டிவி ஏமாற்றியது அங்கேதான்.

உண்மையிலேயே புள்ளி இருக்கிறதா என்று பார்க்க, கறுப்புத் திரையில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டு, பழைய சிடியின் பளபளப்பில் அதைப் பார்க்கச் சொன்னான் அண்ணன் மகன். பழைய டிவியில் நிறங்கள் ஒன்றோடொன்று இழுவிக் கிடந்தன. இதில் நீலம், பச்சை, சிவப்பு தனித்தனிப் பட்டை. வேறொரு வகைச் சிவப்பு பாஸ்பரும் கிட்டத்தட்ட இப்படிக் காட்டும் என்பதால், இதை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாதாம். பெட்டியில் 'காட்மியம் இல்லை' என்று போட்டிருக்கிறது. காட்மியம் நச்சு உலோகம், அதனால் அது நல்லது.

குறை இரண்டு. இரவில் விளக்கை அணைத்துப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஒலி தகர டப்பா. 34,000 ரூபாய்க்கு இன்னும் கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர் வைத்திருக்கலாம்.

சேலை திரும்பி வருவது நின்றிருக்கிறது. இப்போது படம் எடுக்கும்போது சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் வைக்கிறேன், வாங்குகிறவர் போன் எப்படியோ. ஆத்தாவுக்கு இது எதுவும் தேவையில்லை. நேற்று சீரியல் கதாநாயகியைப் பார்த்து, "இவ கட்டியிருக்கிறது கண்டாங்கி இல்லடி, சாயம் வேற" என்றார்.