ஒரே கத்தி, நாலு மாநிலம்: பக் 110ஐ எங்கே பாக்கெட்டில் போடலாம்?

டல்லாஸில் இருக்கும் மச்சான், போன முறை நான் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு மடக்குக் கத்தியைக் கையில் வைத்தார். பக் 110. கருமரப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளை, இடுப்பு பெல்ட்டில் கோக்க ஒரு தோலுறை. அலகில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். முழுக்கத் திறந்ததும் 'டக்' என்று பூட்டு விழும். 1964ல் வந்த வடிவம், இன்னும் அப்படியேதான் செய்கிறார்கள். "பாக்கெட்ல போட்டுக்க மாப்ள, பார்சல் பிரிக்க ஆகும்" என்றார்.

அவருக்கு அது சரி. நான் இருப்பது நியூஜெர்சி எடிசனில். வேலைக்கு வாரம் மூன்று நாள் ரயில் ஏறி மன்ஹாட்டன். தங்கை குடும்பம் லாஸ் ஏஞ்சலஸில். இந்தக் கத்தி என் பாக்கெட்டில் இருந்தால் நாலு சட்டங்களுக்குள் போய் வர வேண்டும். நான் வக்கீல் இல்லை. ஆனாலும் சட்டப் பிரிவுகளையும் சில தீர்ப்புகளையும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். படித்ததில் புரிந்தது இதுதான்: எந்த மாநிலம் கண்டிப்பு, எது தளர்வு என்று வரிசைப்படுத்தினால் தப்பாகத்தான் போகும். ஒவ்வொன்றும் கத்தியிடம் கேட்கும் கேள்வியே வேறு.

முதலில் அளவு. ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து பிடி தொடங்கும் இடம் வரை நேர்கோட்டில் 3¾ அங்குலம். கூராக இருக்கும் பகுதியை மட்டும் அளந்தால் கொஞ்சம் குறைகிறது, ஏனென்றால் பிடிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு தீட்டாமலே விடப்பட்டிருக்கிறது. கத்தித் தயாரிப்பாளர் சங்கம் சொல்லும் முறை முதலாவது, அதாவது நுனியிலிருந்து பிடி வரை. கூர்ப்பகுதி மட்டும்தான் கணக்கு என்று வாதாடி அந்தக் கொஞ்சத்தைச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நடுத்தெருவில் காவலரிடம் அந்த வாதத்தைத் தொடங்க எனக்குத் தைரியம் இல்லை. பெரிய அளவை வைத்தே மேலே போகிறேன்.

டெக்சஸ்: எவ்வளவு நீளம், எந்த இடம்?

இங்கே கோடு 5½ அங்குலம். அதற்குள் இருந்தால் பூட்டு உண்டா, ஒற்றைக் கையால் திறக்குமா, பட்டன் அழுத்தினால் பாயுமா என்று மாநிலச் சட்டம் கவலைப்படாது. பட்டன் கத்திக்கான தடையை 2013லேயே எடுத்துவிட்டார்கள். 2017 செப்டம்பர் 1 முதல் 5½ அங்குலத்தைத் தாண்டியதைக்கூட வைத்துக்கொள்ளலாம். பள்ளி, வாக்குச்சாவடி, நீதிமன்றம், மருத்துவமனை, வழிபாட்டுத்தலம், பெரும்பகுதி வருமானம் மதுவிலிருந்து வரும் பார் போன்ற சில இடங்களுக்கு மட்டும் கொண்டு போகக் கூடாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

இந்த இடப்பட்டியல் முதலில் யோசித்த மசோதாவில் இப்படி இல்லை. அந்த வருஷம் மே 1ம் தேதி ஆஸ்டின் பல்கலைக்கழக வளாகத்தில் கத்திக்குத்து நடந்து ஒரு மாணவர் இறந்தார். மசோதா அப்படியே நின்றது. பிறகு இடங்களைச் சேர்த்து, சமரசம் பேசித்தான் நிறைவேறியது. இன்னொரு வேடிக்கை: ஜிம் போவி அலாமோ கோட்டையில் செத்து மாநிலத்தின் வீரபுருஷர் ஆனவர். அவர் பெயரைத் தாங்கிய போவி கத்தியை, அதாவது மடங்காத அந்தப் பெரிய கத்தியை, அவருடைய டெக்சஸிலேயே 2017 வரை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது.

ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியம் 2017 அல்ல, 2015. அதுவரை ஊருக்கு ஊர் தனி விதி இருந்தது. சான் அன்டோனியோவில் பூட்டு விழும் மடக்குக் கத்திக்கே நகரச் சட்டத்தில் தடை. அதாவது மச்சான் டல்லாஸில் பாக்கெட்டில் போட்ட பக் 110, அலாமோ பார்க்கப் போன இடத்தில் குற்றமாகியிருக்கும். மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையாக நகரங்கள் விதி போடக் கூடாது என்று 2015ல் சட்டசபை அந்தக் கதவை மூடியது. ஒரு மாநிலத்துக்கு ஒரே புத்தகம். மற்ற மூன்றோடு ஒப்பிடும்போது இதன் அருமை தெரியும்.

கலிபோர்னியா: திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

கலிபோர்னியா என்றாலே எல்லாம் தடை என்று நம்மவர்களுக்குள் ஒரு பேச்சு. மடக்குக் கத்தி விஷயத்தில் அது பாதிகூட உண்மை இல்லை. மடக்கி வைத்த கத்திக்கு மாநிலச் சட்டத்தில் நீள வரம்பே கிடையாது. பிரச்சினை மறைத்து வைக்கும் குத்துவாளில்தான். மடக்குக் கத்தி எப்போது குத்துவாள் ஆகும் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது: அலகு வெளியே வந்து, அந்த நிலையில் பூட்டியிருந்தால் மட்டும். பக் 110ஐ மடக்கிப் பாக்கெட்டில் போட்டால் ஒன்றுமில்லை. திறந்து, 'டக்' என்று பூட்டு விழுந்தபின் சட்டைக்குள் செருகினால் குற்றம்.

'பூட்டியிருந்தால்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவர் ஜாக்கெட் பாக்கெட்டில் சுவிஸ் ஆர்மி கத்தி, அலகு திறந்தபடியே இருந்தது. அந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. உள்ளிருக்கும் தகட்டு ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் நிற்கும், கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் மடங்கிவிடும். விறைப்பாக நிற்பதே பூட்டியதாகாது, பூட்டு என்றால் விடுவிக்கும் வரை அசையக் கூடாது என்று 2016ல் காஸ்டியோலோபஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. ஜாக்கெட்டுக்குள் திறந்த கத்தியோடு நடப்பது புத்திசாலித்தனமா என்பது வேறு விஷயம். சட்டம் எழுதியதைப் படித்தார்கள், அவ்வளவுதான். ஒரு சட்டம் இப்படிப் படிக்கக் கிடைத்தால் எனக்குப் பாதி பயம் போய்விடுகிறது.

பட்டன் கத்திக்கு இங்கே கோடு 2 அங்குலம், அந்த அளவும் அதற்கு மேலும் பாக்கெட்டில் கூடாது. கட்டைவிரலால் அலகைத் தள்ளித் திறப்பது இதில் சேராது, மூடிய நிலையில் அலகைப் பிடித்து வைக்கும் தடுப்பு கத்திக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பள்ளிக்கூடம் தனிக்கணக்கு: 2½ அங்குலத்துக்கு மேல் எதுவும் கூடாது, பூட்டு விழும் மடக்குக் கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கூடாது. தங்கை காரில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் நாளில் பக் வீட்டிலேயே இருக்கட்டும்.

சிக்கல் ஊரில் இருக்கிறது. டெக்சஸ் மூடிய கதவு இங்கே திறந்தே கிடக்கிறது, நகரங்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சேர்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் 3 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள கத்தியைப் பிறர் கண்ணில் படும்படி கொண்டு போகக் கூடாது. 3¾ அங்குலக் கத்தியைத் தோலுறையில் இடுப்பில் மாட்டி டவுன்டவுனில் நடந்தால் வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. பாக்கெட்டில் மடக்கிப் போட்டால் நிம்மதி. இதில் ஒரு முரண் பாருங்கள்: மடங்காத கத்திக்கு மாநிலம் சொல்வது நேரெதிர், உறையில் போட்டு இடுப்பில் எல்லாருக்கும் தெரியும்படி தொங்கவிடு, மறைத்தால்தான் குற்றம் என்கிறது.

நியூயார்க்: இரண்டு புத்தகம்

நியூயார்க்கைப் பற்றிப் பேசினால் 2019க்கு முன், பின் என்றுதான் பேச வேண்டும். உதறினால் திறக்கும் கத்திக்கு, அவர்கள் பாஷையில் கிராவிட்டி கத்திக்கு, 1950களிலிருந்து தடை. சட்டம் போட்டபோது மனத்தில் இருந்தது, கீழ்நோக்கிப் பிடித்தாலே அலகு தானாக விழும் ராணுவ வகை. ஆனால் மாநகரக் காவலர்கள் கையில் அது ஒரு மணிக்கட்டுச் சோதனையாக மாறிப்போனது. உங்கள் கத்தியை வாங்கி வேகமாக உதறிப் பார்ப்பார். திறந்து பூட்டிக்கொண்டால் கைது. இரும்புக்கடையில் ரசீதோடு விற்ற சாதாரண வேலைக் கத்திகள் இதில் மாட்டின. பாதிக்கப்பட்டது பெரும்பாலும் தச்சர், மின்பணியாளர், மேடை அமைப்பவர், சரக்கு இறக்குபவர்.

கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பிடிபட்ட ஒரு சமையற்கலைஞரின் வழக்கில், கைதுசெய்த காவலருக்கே நாலைந்து முறை உதற வேண்டியிருந்தது. நான் உதறினால் திறக்காது, அவர் உதறினால் திறக்கும் என்றால் நான் வைத்திருப்பது குற்றமா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்? 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி பால் கிராட்டி, அந்தத் தடை அவருடைய விஷயத்தில் அரசமைப்புக்குப் பொருந்தாத அளவு தெளிவற்றது என்றார். அதற்கு முன் இரண்டு முறை இதே திருத்தத்தை வீட்டோ செய்திருந்த கவர்னர் குவோமோ, அந்த மே மாதம் கையெழுத்துப் போட்டார். கிராவிட்டி கத்தி பட்டியலிலிருந்து போனது. பட்டன் கத்தி பெரும்பாலும் தடையிலேயே இருக்கிறது.

இது மாநிலத் தலைநகர் ஆல்பனியின் புத்தகம். மாநகரத்துக்குள் நுழைந்தால் இரண்டாவது புத்தகம். 4 அங்குலமும் அதற்கு மேலும் பொது இடத்தில் கூடாது. வேலை, மீன்பிடி, முகாம் என்று சில விலக்குகள் உண்டு. மீறினால் 300 டாலர் வரை அபராதம், 15 நாள் வரை சிறை. பக் 110 கால் அங்குலத்தில் தப்பிக்கிறது. ஆனால் அடுத்த வரி: எந்த நீளக் கத்தியாக இருந்தாலும், அலகு மூடியிருந்தாலும், நியாயமான வேலைக்கு அப்போது பயன்படுத்தினால் ஒழிய, உடைக்கு வெளியே தெரியக் கூடாது. மச்சான் கொடுத்த தோலுறை இங்கே உதவாது. பேன்ட் பாக்கெட் விளிம்பில் கிளிப் மட்டும் எட்டிப் பார்த்தாலே காவலர் நிறுத்தியதாகப் பல வழக்குகளில் வருகிறது. இதற்குமேல் சப்வே எனும் பாதாள ரயிலுக்கு ஆயுத விதி தனி. அங்கே கிராவிட்டி கத்தியும் பாக்ஸ்கட்டரும் பெயரோடு நிற்கின்றன.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் 'அபாயகரமான அல்லது உயிர்போக்கும் ஆயுதம்' வைத்திருப்பதே குற்றம் என்று நியூயார்க் தண்டனைச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. சாதாரண மடக்குக் கத்தி அந்தப் பெயருக்குள் வராது என்று வாதாட நல்ல காரணங்கள் இருக்கின்றன. எச்1பியில் இருந்துகொண்டு அந்த வாதத்தை மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க ஆசைப்படுபவர் யார் என்றுதான் தெரியவில்லை.

நியூஜெர்சி: எதற்கு?

என் சொந்த மாநிலத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே அங்குலமே இல்லை. பாக்கெட்டில் எத்தனை அங்குலம் போடலாம் என்று தேடினால் எண் கிடைக்காது. 5 அங்குலம் என்று கண்ணில் படுவது 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது பற்றியது. பட்டன் கத்தி, கிராவிட்டி கத்தி, குத்துவாள் ஆகியவற்றை 'விளக்கக்கூடிய நியாயமான காரணம்' இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. மற்ற எல்லாக் கத்திக்கும் ஒரே அளவுகோல்: அதன் நியாயமான பயன்பாட்டுக்கு வெளிப்படையாகப் பொருந்தாத சூழலில் அது உன்னிடம் இருக்கக் கூடாது. இருந்தால் நாலாம் தரக் குற்றம், 18 மாதம் வரை சிறை.

கேட்க நியாயமாகத்தான் படுகிறது. சரக்குக் கிடங்கில் பக் 110 இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. இரவு பதினோரு மணிக்கு பார் வாசலில் அதே கத்தி, அதே பாக்கெட் என்றால்? இதில் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 1990ன் கெல்லி வழக்கு. தன்னை அடித்த முன்னாள் காதலனுக்குப் பயந்து ஒரு பெண் கார்ப்பெட் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார், தாக்கப்பட்டபோது அதைப் பயன்படுத்தினார். தாக்குதல் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. ஆனால் கத்தியை வைத்திருந்ததற்கான தண்டனையை மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆபத்து கண்முன் வந்த நொடியில் கையில் கிடைத்ததை எடுத்தால் சரி, வரலாம் என்று முன்கூட்டியே பாக்கெட்டில் போட்டால் தப்பு.

ஆக, இங்கே "எதுக்கு சார் கத்தி?" என்ற கேள்விக்கு "பார்சல் பிரிக்க" என்பதும் "ஒரு பாதுகாப்புக்கு" என்பதும் ஒரே கத்தியை இரண்டு கத்தியாக்குகிற பதில்கள். டல்லாஸில் இரண்டாவது பதிலைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். நாலில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான், நியூயார்க் இல்லை. நியூயார்க்கின் 4 அங்குலத்தை நான் வீட்டிலேயே அளந்துகொள்ள முடியும். 'சூழலை' எந்த ஸ்கேலால் அளப்பது?

சரி, எதைப் போட்டுக்கொண்டு போவது?

நாலு மாநிலத்திலும் கால் வைப்பவருக்கு என் தேர்வு பக் 110 அல்ல, சாவிக்கொத்தில் தொங்கும் விக்டோரினாக்ஸ் கிளாசிக். பூட்டு இல்லை, உதறினாலும் திறக்காது, பாக்கெட்டுக்கு வெளியே தெரியாது. கூட்டாட்சிக் கட்டடங்களுக்கான சட்டத்தில்கூட 2½ அங்குலத்துக்குக் கீழான பாக்கெட் கத்தி 'அபாயகரமான ஆயுதம்' இல்லை. அது 63.5 மி.மீ.; இந்தக் கத்தியின் மடக்கிய நீளமே 58 மி.மீ. இந்தக் கணக்கை ஒரு முறை ஓர் அலுவலக வாசலில் பொறுமையாக விளக்கினேன். காவலர் முழுதும் கேட்டுவிட்டு, "காரில் வைத்துவிட்டு வாங்க" என்றார். வைத்துவிட்டு வந்தேன். விமானத்தில் 2013ல் சின்னக் கத்தியை அனுமதிக்கப்போவதாக அறிவித்து, மூன்று மாதத்தில் பின்வாங்கிவிட்டார்கள். கைப்பையில் வைத்தால் எந்த மாநிலமானாலும் போச்சு.

பக் எங்கள் சமையலறை டிராயரில் இருக்கிறது. அட்டைப்பெட்டி பிரிக்கிறது, மனைவி அதில் மாங்காய் கீற விடுவதில்லை. மாதம் ஒரு முறை பித்தளையைப் புளி போட்டுத் துலக்குகிறேன். அடுத்த பொங்கலுக்கு டல்லாஸ் போகும்போது செக்-இன் பெட்டியில் போட்டு எடுத்துப் போவதாக உத்தேசம். மச்சான் வண்டியில் ஏறியதும் தோலுறையோடு இடுப்பில் கோத்துக்கொள்வேன், சட்டையை உள்ளே விட்டு.