லூயிஸ்டன் பார்ஜிலிருந்து ஷார்ட்லைன் ரயிலுக்கு: பருப்பு அனுப்பிப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள லூயிஸ்டன் கடலிலிருந்து 465 மைல் உள்ளே இருக்கிறது. ஆனாலும் அது ஒரு துறைமுகம். அங்கிருந்து ஸ்நேக், கொலம்பியா ஆறுகள் வழியே எட்டு அணைகளின் லாக்குகளை (படகை ஏற்றி இறக்கும் நீர்க் கதவறைகள்) தாண்டி, பார்ஜ் என்னும் தட்டைச் சரக்குப் படகு போர்ட்லாந்து துறைமுகம் போய்ச் சேரும். பக்கத்துப் பலூஸ் மேட்டு நிலத்தில் ஒரு பருப்பு ஆலையில் ஏற்றுமதிப் பிரிவு என் வேலை. பச்சைப் பட்டாணியையும் வெள்ளைக் கொண்டைக்கடலையையும் மூட்டை கட்டி, ஆலையிலேயே கன்டெய்னரில் அடுக்கி, சீல் வைத்து பார்ஜில் அனுப்புவோம், போர்ட்லாந்தில் அது கப்பல் ஏறும். சென்னையில்தான் அந்த சீலை உடைப்பார்கள். இந்த நிம்மதியின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

2015 மார்ச்சில் ஹன்ஜின் நிறுவனத்தின் கப்பல்கள் போர்ட்லாந்து வருவதை நிறுத்தின. சில வாரங்களில் ஹாபாக் லாய்டு என்ற இன்னொரு கப்பல் நிறுவனமும் விலகியது. அங்குள்ள கன்டெய்னர் முனையமான டெர்மினல் 6இல் பல வருடமாக நடந்த தொழிலாளர் தகராறுதான் பின்னணி. கப்பலே வராத இடத்துக்குக் கன்டெய்னரை அனுப்பி என்ன செய்வது? ஆறு அப்படியேதான் இருந்தது, கோதுமை இன்றும் அதில் போகிறது. எங்கள் கன்டெய்னர்களுக்குத்தான் வழி இல்லாமல் போனது.

முதலில் லாரியில் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா துறைமுகத்துக்கு அனுப்பினோம். ஒரு லாரிக்கு ஒரு பெட்டிதான். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயம் என்றால் வழியிலுள்ள ஸ்னோக்வால்மி கணவாயை மூடிவிடுவார்கள். செலவும் கையைக் கடித்தது. அப்புறம்தான் ஷார்ட்லைன் எனப்படும் குறுந்தூரச் சிறு ரயிலுக்கு வந்தோம்.

இந்தப் பகுதியில் பழைய கிளைப்பாதைகள் நிறைய. அவற்றில் 297 மைல் வாஷிங்டன் மாநில அரசுக்கே சொந்தம். சின்ன ரயில் நிறுவனம் பாக்ஸ்காரை, அதாவது மூடிய சரக்குப் பெட்டியை, ஆலை வாசலுக்குக் கொண்டுவரும். நாங்கள் ஏற்றியதும் இழுத்துப்போய்ப் பெரிய ரயில் நிறுவனத்திடம் ஒப்படைக்கும். துறைமுகத்துக்கு அருகே ஒரு கிடங்கில் சரக்கைக் கன்டெய்னருக்கு மாற்றுவார்கள். ஒரு பாக்ஸ்காரில் சுமார் மூன்று கன்டெய்னர் சரக்கு கொள்ளும். டன் கணக்கில் பார்த்தால் லாரியைவிட எங்களுக்கு நன்றாகவே மிச்சம்.

ஆனால் நேரம் நம் கையில் இல்லை. எஞ்சின் வாரம் இருமுறைதான் வரும். சில இடங்களில் தண்டவாளத்தின் நிலைமை மணிக்கு 10 மைலுக்கு மேல் போக விடாது. முதல் வருடம் எங்கள் பாக்ஸ்கார் ஒன்று யார்டில் ஒன்பது நாள் நின்றுவிட்டது. கப்பல் போய்விட்டது, எல்.சி.யில் (வாங்குபவரின் வங்கி தரும் பணக் கடன் உறுதிக் கடிதம்) இருந்த கடைசித் தேதியும் தாண்டிவிட்டது. தேதியை நீட்டித்துத் தரச் சொல்லி சென்னை வியாபாரியிடம் கெஞ்சினேன். "சார், எனக்கு சரக்கு வர்றது முக்கியம், எப்படி வருதுன்னு இல்ல" என்றார். அவர் பக்கம்தான் நியாயம்.

மூட்டை கிழிவது இன்னொரு வேதனை. முன்பு ஒரே தடவை அடுக்கினோம். இப்போது ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுகிறார்கள். பாக்ஸ்கார் தரையில் காகிதம் விரித்து, இடைவெளியில் காற்றுப் பைகளைச் செருகிய பிறகு சேதம் வெகுவாகக் குறைந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆலையின் வயதான ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.

ரயிலைக் குறை மட்டும் சொன்னால் சரியில்லை. லாக் கதவுகளை மாற்ற 2010-11 குளிர்காலத்தில் ஆற்றுப் போக்குவரத்தை மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்தினார்கள். 2016-17லும் அப்படித்தான். இந்த இரண்டாவது முறை ஆற்றை நம்பியவர்கள் தவித்தபோது எங்கள் பாக்ஸ்கார்கள் மெதுவாகவேனும் போய்க்கொண்டிருந்தன.

இப்போது கப்பல் தேதிக்கு மூன்று வாரம் முன்பே சரக்கை அனுப்பி, துறைமுகக் கிடங்கில் கொஞ்சம் இருப்பு வைக்கிறோம். ஒன்றிரண்டு கன்டெய்னர் ஆர்டர் என்றால் லாரிதான். மாதாமாதம் நிலையாக வாங்குபவர்களுக்கு ரயிலைத் தயங்காமல் சொல்வேன். அவசரக்காரர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ரயிலால் ஈடுகட்ட முடியாதது ஒன்றுதான். பார்ஜ் திரும்பி வரும்போது காலிக் கன்டெய்னர்களை எங்கள் பக்கத்துக்கே கொண்டுவரும். இன்று அவை கடற்கரையோடு நின்றுவிடுகின்றன. பாக்ஸ்காருக்குப் பதில் அந்தக் காலிப் பெட்டிகளை ரயிலில் ஏற்றிப் பலூஸ் வரை யாராவது கொண்டுவந்தால், மறுநாளே எங்கள் ஆலையில் மூட்டை அடுக்கி சீல் வைக்கத் தயார்.