ஆன்லைனில் மூலிகை எண்ணெய் வாங்குகிறவர்கள் உஷார்: என் 4,800 ரூபாய் போச்சு

வயிறு எரிகிறது, அதனால் கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலிகை எண்ணெய் மட்டுமே விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் கிராம்பு எண்ணெய் 100 மில்லியும் எலுமிச்சைப்புல் எண்ணெய் 100 மில்லியும் வாங்கினேன். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி புராஜெக்டுக்காக. மொத்தம் 4,800 ரூபாய். வெளியில் இதில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் இவர்கள் பரிசோதனை ரிப்போர்ட்டோடு தருகிறார்கள்.

ஆர்டர் போடும் முன் போன் செய்தேன். எடுத்தவர் விஷயம் தெரிந்தவர் மாதிரிதான் பேசினார். "கன்னியாகுமரி கிராம்பு தம்பி, புவிசார் குறியீடு வாங்குனது. மொட்டுல வடிச்சது, இலை எண்ணெய் கிடையாது. ரிசல்ட் வரலேன்னா என்னைக் கேளுங்க." இலை எண்ணெய் மலிவு, அதைத்தான் பலர் மொட்டு எண்ணெய் என்று விற்பார்கள் என்று அவரே எனக்குப் பாடம் எடுத்தார். அப்படிச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? வாட்ஸ்அப்பில் ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட் (எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வக அறிக்கை) வந்தது. கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜெனால் 83.4 சதவீதம். உடனே பணம் போட்டுவிட்டேன்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைப் பரப்பிய பிளேட்டில் கிராம்பு எண்ணெய் நனைத்த டிஸ்க்கை (சின்னக் காகித வில்லை) வைத்தால் சுற்றிலும் பாக்டீரியா வளராத வளையம் விழ வேண்டும். யூஜெனால் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசிய விட்டுவிடும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவாக இருந்து வளையம் வரவில்லை என்றால் சரி, அது வெளியே இன்னொரு சவ்வையும் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கிற ஜாதி. எனக்கோ ஆரியஸே டிஸ்க் ஓரம் வரை கொழுத்து வளர்ந்து கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆன்டிபயாட்டிக் டிஸ்க்கைச் சுற்றி மட்டும் அழகான வளையம். கைடு என் கை சுத்தத்தைச் சந்தேகப்பட்டார். பல் மருத்துவம் படிக்கும் நண்பனிடம் கொஞ்சம் கிராம்பு எண்ணெய் கேட்டு வாங்கி, அதே கல்ச்சரில் வைத்தேன். வளையம் வந்தது.

அப்புறம் இரண்டையும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம். நண்பன் கொடுத்தது கண்ணாடிக் குச்சியால் லேசாகத் தட்டியதும் முத்து மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. 4,800 ரூபாய்ச் சரக்கு எத்தனை தட்டினாலும் மேலேயே மிதந்தது. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டால் மறுநாளும் ஆவியாகாமல் பஜ்ஜி மடித்த காகிதம் போல எண்ணெய்க் கறை. வாசனைக்குக் கொஞ்சம் கிராம்பு, மீதி ஏதோ மலிவு எண்ணெய்.

போன் செய்தேன். "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது சார்." சீல் உடைக்காமல் எப்படி டெஸ்ட் பண்ணுவது? மறுபடி அடித்தபோது பழைய ஆளே எடுத்தார். "உங்க பாக்டீரியா ஸ்ட்ராங்கா இருக்கும் தம்பி." இதற்கு என்ன சொல்வது! போன வருடம் அதே கடையில் வாங்கிய சீனியரின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால், அதிலும் 83.4. அறுவடைக்கு அறுவடை மாறுகிற எண்ணெயில் எல்லா வரியும் புள்ளி பிசகாமல் ஒன்றாம்! இரண்டையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பிறகு பிளாக்.

எலுமிச்சைப்புல் எண்ணெயில் வளையம் வந்தது. ஆனாலும் பயனில்லை. அதன் முக்கியப் பொருளான சிட்ரால் புல்லில் இருந்து வந்ததா, ஃபேக்டரியில் செய்த சிட்ராலைக் கலந்ததா என்று தெரியாமல் ஆய்வேட்டில் என்ன எழுதுவது? ஆக 4,800 ரூபாயும் முழுசாகப் போச்சு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ரிப்போர்ட்டில் உள்ள பேட்ச் எண்ணும் பாட்டில் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முதலில் 10 மில்லி மட்டும் வாங்குங்கள். கிராம்பு எண்ணெய் என்றால் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கடை பெயர் கேட்காதீர்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் போட்டிருக்கிறேன், அது முடியட்டும்.