"உங்கள் ஐபி அம்பலம்" என்று மிரட்டி விற்கும் மென்பொருள்: நான் மாட்டிய கதை

நான் கணினி தெரியாதவன் இல்லை. ரவுட்டர் செட்டிங்கில் கைவைக்கத் தெரியும். சொந்தக்காரர்களின் லேப்டாப் படுத்துவிட்டால் எனக்குத்தான் போன் வரும். அப்படிப்பட்ட நானே ஒரு ஐபி (இணையத்தில் நம் இணைப்புக்கு இருக்கும் எண் முகவரி) தடுப்பு மென்பொருளுக்கு ஒரு வருடச் சந்தா கட்டி ஏமாந்தேன். பிறகு அதைக் கணினியிலிருந்து பிடுங்கி எறிய மூன்று ராத்திரி உட்கார வேண்டியிருந்தது.

எல்லாம் ஒரு விளம்பரத்தில் ஆரம்பித்தது. ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது சிவப்புப் பட்டையில் "உங்கள் ஐபி முகவரி அம்பலமாகியிருக்கிறது" என்று வந்தது. கீழே என் ஐபி, என் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர், ஒரு ஊர்ப்பெயர். ஊர் தப்பு. அந்த ஊருக்கு நான் போனதுகூட இல்லை. அப்போதே சிரித்துவிட்டு மூடியிருக்கலாம். எந்தத் தளத்தைத் திறந்தாலும் நம் ஐபி அதற்குத் தெரியத்தான் செய்யும். தெரியாவிட்டால் பதிலை எங்கே அனுப்பும்? கடித உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரியை வாசித்துக் காட்டிவிட்டு "உன் ரகசியம் என் கையில்" என்று சொல்கிற வித்தைதான் அது. எல்லாம் தெரிந்தும் அந்தச் சிவப்பு என்னைப் பதற வைத்துவிட்டது.

பழைய ஆட்களுக்கு பியர்கார்டியன், பியர்பிளாக் என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கும். ஒரு பெரிய ஐபி பட்டியலை வைத்துக்கொண்டு, அந்த முகவரிகளுக்கு நம் கணினியிலிருந்து எதுவும் போகாமலும் அங்கிருந்து எதுவும் வராமலும் மறிக்கும் இலவச மென்பொருள்கள். பியர்பிளாக் 2009ல் பியர்கார்டியனின் மூலநிரலிலிருந்து கிளைத்தது. 2014ல் வந்த பதிப்போடு நின்றுபோனது. அந்த ஞாபகத்தில்தான் தேடினேன். முடிவுகளின் உச்சியில் வந்தது, சட்டென்று பார்த்தால் அதே பெயர் போலத் தெரியும் வேறொன்று. புதிய பதிப்பு என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் "விளம்பரம்" என்று இருந்ததை என் கண் தாண்டிப் போய்விட்டது.

இன்ஸ்டால் செய்யும்போதே இரண்டு எச்சரிக்கை மணி அடித்தது. முதலாவது, கணினி தொடங்கும்போதே சோதிக்கும் செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பை அணைக்கச் சொன்னது. டிஜிட்டல் கையெழுத்து சரியில்லாத டிரைவர்கள் (கணினியின் உள்ளே ஆழமாக ஓடும் நிரல்கள்) விண்டோஸின் அடிவயிறு வரை போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் காவல்களில் ஒன்று அது. 2016க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகள், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் ஓடும் புதிய டிரைவர்களில் மைக்ரோசாப்ட்டின் ஒப்பம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. பாதுகாப்பு விற்பவன் பூட்டைக் கழற்றச் சொல்கிறான், நானும் கழற்றிக் கொடுத்தேன். இரண்டாவது, கூடவே ஒரு "வலைக் கவசம்" என்று டிக் போட்டே வந்த பெட்டி. அந்த டிக்கை எடுக்காமல் விட்டேன். அதன் கதை பின்னால் வரும்.

முதல் வாரம் சொர்க்கம். மூலையில் ஒரு சின்ன ஜன்னல், அதில் சிவப்பு வரிகளாக ஓடிக்கொண்டே இருக்கும்: தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் எண் ஏறும். உலகமே என் வாசலில் வந்து முட்டுகிறது, நான் உள்ளே காபி குடிக்கிறேன் என்று ஒரு மிதப்பு.

பிறகு வங்கித் தளம் திறக்கவில்லை. அடுத்து மின்னஞ்சல். அடுத்து மகளின் பாடத் தளம். உதவி அரட்டையில் வந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்." சேர்த்தேன். அடுத்த நாள் வேறொன்று படுத்தது. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. பழைய ஐபி முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். இந்த மென்பொருள் அதில் 80 கோடியைத் தடுப்பதாக முன்பக்கத்திலேயே பெருமையடித்துக்கொண்டிருந்தது. ஐந்தில் ஒரு வீட்டுக் கதவை அடைத்துவிட்டுத் தெருவில் நடமாட்டம் இல்லையே என்றால் எப்படி? போதாக்குறைக்கு, இன்று பல தளங்களின் பக்கங்களைத் தங்கள் சர்வர்களிலிருந்து வழங்கும் பெரிய சிடிஎன் நிறுவனங்களின் ஒரே ஐபிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கின்றன. வேவு பார்க்கும் ஒரு தளத்துக்காக அந்த ஐபியை மறித்தால் அங்கே இருக்கும் மற்றவையும் சேர்ந்தே போகும்.

நாலாவது முறை அரட்டைக்குப் போனபோது "நிரந்தரத் தீர்வு" கிடைத்தது: 80, 443 ஆகிய போர்ட்களை (கணினிக்குள் போக்குவரத்து நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) மொத்தமாக அனுமதித்துவிடுங்கள் என்றார். செய்தேன், எல்லாத் தளமும் திறந்தது. ராத்திரி படுக்கையில்தான் உறைத்தது. பிரவுசர் வழியாகப் போகும் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுவதும் அந்த இரண்டு போர்ட்களில்தானே போகிறது? விளம்பரக்காரர்கள், வேவு நிரல்கள் எல்லாம் வந்துபோவது 443 வழியாகத்தானே? அதைத் திறந்துவிட்டால் இது எதைத்தான் தடுக்கிறது?

எழுந்து போய் அந்த மென்பொருளின் தடுப்புப் பதிவேட்டைத் திறந்தேன். தடுக்கப்பட்ட முகவரிகளில் முக்கால்வாசி இரண்டே இரண்டு: 239.255.255.250, 224.0.0.251. விஷயம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரிப்பார்கள். இவை வெளியிலிருக்கும் எந்த எதிரியுடைய முகவரியும் அல்ல. டிவி, பிரிண்டர், போன் போன்ற வீட்டுச் சாதனங்கள் ஒன்றையொன்று "நீ இருக்கிறாயா" என்று கூப்பிட்டுக்கொள்ளும் பொது முகவரிகள். மீதியில் நிறைய 192.168 என்று தொடங்கியவை, அதாவது என் வீட்டுக்குள்ளேயே இருப்பவை. ஒரு வாரமாக நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த எண், என் பிரிண்டர் டிவியைக் கூப்பிட்ட எண்ணிக்கை. பிரிண்டர் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்கும் அப்போதே பதில் கிடைத்தது.

"எங்கள் ஆய்வுக் குழு நாள்தோறும் தொகுக்கும்" பட்டியலையும் நோட்பேடில் திறந்து பார்த்தேன். ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, தொடக்க ஐபி, சிறு கோடு, முடிவு ஐபி. பியர்கார்டியன் காலத்து வடிவம். தலைப்பில் இருந்த குறிப்பு வரிகளைக்கூட அழிக்கவில்லை. யாரோ என்றைக்கோ இலவசமாகத் தொகுத்த பொதுப் பட்டியல், தேதி பல வருடம் பழையது. ஐபி முகவரிகள் கைமாறிக்கொண்டே இருப்பவை. அன்றைக்கு வேவு நிறுவனம் வைத்திருந்த தொகுதி இன்றைக்கு ஒரு கல்லூரியிடம் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. என் இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய ஐபி முகவரி முறையும் ஓடுகிறது. இந்த மென்பொருளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஐபிவி6 வழியாகப் போனதெல்லாம் இதன் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

சரி, தனியுரிமையாவது மிஞ்சியதா? இல்லை. என் ஐபியைக் காட்டும் எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே என் ஐபிதான். இந்த வகை மென்பொருள் நம் முகவரியை மறைப்பதே இல்லை. சில முகவரிகளோடு பேசாமல் இருக்க வைக்கும், அவ்வளவுதான். முதலாவதைச் சொல்லிப் பயமுறுத்தி, இரண்டாவதை விற்றார்கள். நான் ஒருமுறை தேடிய செருப்பு அதற்குப் பிறகும் போகிற பக்கமெல்லாம் கூடவே வந்தது. குக்கியும் (தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) பிரவுசரின் கைரேகையும் (அதன் அமைப்புகளை வைத்தே நம்மை அடையாளம் காணும் முறை) இருக்கும்போது அவர்களுக்கு ஐபி எதற்கு?

கழற்றும்போதுதான் உண்மையான தலைவலி. அன்இன்ஸ்டால் முடிந்ததும் ஒரு தளமும் திறக்கவில்லை. அந்த "வலைக் கவசம்" விண்டோஸின் புராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் ஒரு நிரல் வழியாக அனுப்புவது) அமைப்பை 127.0.0.1க்கு, அதாவது இதே கணினிக்கு, திருப்பி வைத்திருந்தது. மென்பொருள் போன பிறகும் அமைப்பு அப்படியே இருந்தது. அதை அணைத்ததும் இணையம் வந்தது. சந்தேகத்தில் சான்றிதழ் மேலாளரைத் திறந்தால், எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினி முடிவெடுக்க உதவும் நம்பகமான மூலச் சான்றிதழ்களின் நடுவில் இவர்கள் சான்றிதழ் உட்கார்ந்திருக்கிறது. அது இருந்தால், பூட்டுக் குறியோடு திறக்கும் தளங்களின் உள்ளடக்கத்தையும் இடையில் பிரித்துப் படிக்க முடியும். 2015ல் லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் பிடிபட்டபோது எழுந்த கூச்சலும் இதே காரணத்துக்காகத்தான். படித்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள் என்று மட்டும் சொல்வேன். சான்றிதழை நீக்கி, சேஃப் மோடில் (குறைந்த நிரல்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் முறை) டிரைவரை அழித்து, செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டு, வேறு கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். இதைப் போட்டவர்கள் யாராவது இருந்தால் புராக்ஸியையும் சான்றிதழ்களையும் இன்றைக்கே பாருங்கள்.

பணம்? 30 நாளுக்குள் திருப்பித் தருவதாகச் சொன்னது உண்மைதான், உரிமச் சாவியைப் பயன்படுத்தாமல் இருந்தால் மட்டும். போட்டுப் பார்க்காமல் ஒருவன் எப்படிக் குறை கண்டுபிடிப்பான் என்று கேட்டேன். மரியாதைக்காரர் "விதிமுறையில் இருக்கிறது சார்" என்றார். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தக் கணக்குப் பக்கத்தில் பொத்தானே இல்லை, அதற்கும் அரட்டைதான். கார்டு வழங்கிய வங்கியிடம் புகார் கொடுத்து, அந்த நிறுவனத்துக்கு இனிப் பணம் போகாதபடி நிறுத்தியிருக்கிறேன். போன பணத்துக்கு இன்னும் பதில் இல்லை.

இப்போது பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கிறேன். இலவசம், மூலநிரல் பொதுவில் இருக்கிறது, ஐபியை விட்டுவிட்டுத் தளப் பெயரையும் கோரிக்கையையும் பார்த்துத் தடுக்கிறது. வெளியிலிருந்து கேட்காமல் வரும் இணைப்புகளை ரவுட்டரின் ஃபயர்வால் முன்பிருந்தே தடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஐபியையே மறைக்க வேண்டிய தேவை வந்தால், போக்குவரத்தைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் டார் (Tor) இருக்கிறது, மெதுவாகத்தான் ஓடும்.

அந்த நிறுவனத்திடமிருந்து வாரம் ஒரு மின்னஞ்சல் இன்னும் வருகிறது, அதே சிவப்புப் பட்டையோடு: "உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, உங்கள் ஐபி மீண்டும் அம்பலம்." அதில் அவர்கள் காட்டும் ஐபி, நான் சந்தா கட்டிய நாளில் இருந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டதில் அது எப்போதோ மாறிவிட்டது. இந்நேரம் அது வேறு யாருடையதோ.