சூட்டில் கோணாத வாணலி எது? பல ஆண்டுப் புழக்கத்தில் கண்டவை

மெல்லிய எவர்சில்வர் வாணலி, கனத்த அலுமினிய வாணலி, வார்ப்பிரும்பு வாணலி, ஓவனில் வைக்கும் எஃகுத் தகட்டு ட்ரே ஆகிய நான்கையும் பல ஆண்டுகளாகப் புழங்கிவருகிறேன். இவற்றில் அடி கெட்டு ஆடத் தொடங்கியது எவர்சில்வர் மட்டுமே.

விரிவை மட்டும் பார்த்தால் அலுமினியம்தான் முதலில் கெட்டிருக்க வேண்டும். 30 செ.மீ. அகல அலுமினியம் 200 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் ஏறக்குறைய 1.4 மி.மீ. நீள்கிறது. எவர்சில்வர் 1 மி.மீ. அளவுக்கு நீள்கிறது, வார்ப்பிரும்பு அதற்கும் குறைவு. ஆனால் முழுப் பாத்திரமும் சீராக விரிந்தால் அளவு கூடுமே தவிர வடிவம் மாறாது. எவர்சில்வரின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தழல் படும் இடம் கொதிக்க, விளிம்பு ஆறியே கிடக்கிறது. விரியத் துடிக்கும் நடுப்பகுதியை விளிம்பு இறுக்கிப் பிடிக்க, உள்ளே உலோகம் நிரந்தரமாக நசுங்கிவிடுகிறது. ஆறியபின் பழைய தட்டைநிலைக்குத் திரும்ப வழியில்லாமல் அடி புடைக்கிறது. வெறும் வாணலியை முழுத் தழலில் வைப்பதும், இண்டக்ஷன் அடுப்பில் எடுத்த எடுப்பிலேயே உச்ச சக்தியை ஏற்றுவதும் இதை விரைவுபடுத்தும்.

தட்டி நிமிர்த்தலாமே என்பார்கள். நிமிரும். அடுத்த சூட்டில் மறுபடி புடைக்கும். தகட்டில் சிக்கிய இறுக்கம் சுத்தியலுக்குப் போவதில்லை.

ஓவனில் சூடேறும்போது ட்ரே எழுப்பும் ‘டங்’ சத்தத்துக்கு முதலில் பயந்தேன். ஒரு மூலை முறுக்கிக்கொள்ளும் ஓசைதான் அது. ஆறியதும் தானே நேராகிவிடுகிறது. நிரந்தரச் சேதம் இதுவரை இல்லை. விளிம்பை உருட்டி மடித்த ட்ரேக்கள் இவ்வளவு முறுக்குவதில்லை.

வார்ப்பிரும்பு இன்றும் அசையாமல் உட்காருகிறது. ஆனால் அது வளையாத சாதி, உடையும் சாதி: சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடக்கூடும். எடையும் மணிக்கட்டுக்குச் சோதனை.

மறுபடி வாங்குவதானால் உலோகத்தின் பெயரை விட அடியின் தடிப்பையே முதலில் பார்ப்பேன். எவர்சில்வர்தான் வேண்டுமென்றால் நடுவில் அலுமினியத் தகடு பொதிந்ததை எடுப்பேன். வெப்பம் பக்கவாட்டில் பரவிவிடும். கடையிலேயே அடியில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் ஒதுக்க வேண்டாம். சூட்டில் தட்டையாகட்டும் என்று தயாரிப்பாளர்கள் பலர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். நடுப்பகுதி வெளியே துருத்தியிருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.